சேற்றில் தங்கிய எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். வருடத்துக்கு ஒரு முறை மாணவர்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். படகை விட்டு இறங்கினால் முழங்கால் வரை சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுரபுன்னை மரத்தின் தாங்கு வேர்களைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்க முடியும். மாணவர்கள் முதலில் கூச்சல் போடுவார்கள். "ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள்" என்பேன். அப்புறம் பார்த்தால் சேறு அசையத் தொடங்கும். வளையிலிருந்து நண்டு கண்ணை மட்டும் நீட்டிப் பார்க்கும். ஒரு சின்ன மீன் தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றின் மேலேயே தத்தித் தத்திப் போகும். வேரெல்லாம் ஆளி ஒட்டியிருக்கும். அந்த வேர்களுக்கு இடையில்தான் கடல் மீன்களின் குஞ்சுகள் வளர்கின்றன.

இன்று நான் பேசப் போவது இதே போன்ற வேறொரு சேற்றைப் பற்றி. மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்கோடியில், நைஜர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கிறது. ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய அலையாத்திக் காடு அந்தப் படுகையில்தான் இருக்கிறது. அங்கேயும் நம் சுரபுன்னையின் இனத்தைச் சேர்ந்த மரங்கள்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் பெண்கள் கூடையோடு இறங்கிச் சேற்று நத்தை பொறுக்குவார்கள், ஆண்கள் மீன் பிடிப்பார்கள். மேட்டு நிலத்தில் மரவள்ளி போடுவார்கள். படுகையின் கிழக்குப் பக்கம் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டரில் வாழும் மக்களுக்கு ஓகோனிகள் என்று பெயர்.

நைஜீரியாவில் 1956இல் ஒலோய்பிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. இரண்டே வருடத்தில், 1958இல், ஓகோனி நிலத்திலும் கிடைத்தது. ஷெல் என்ற பிரிட்டிஷ்-டச்சு எண்ணெய் நிறுவனம் கிணறுகள் தோண்டியது. கிணற்றுக்குக் கிணறு குழாய் போனது, வயல் வழியாகவும் ஊர் வழியாகவும் காட்டு ஓடை வழியாகவும். எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை வெளியிலேயே கொளுத்தினார்கள். அந்தத் தீ ராத்திரி பகல் பாராமல் எரிந்தது. இப்படி எரிப்பதை 1984க்குள் நிறுத்த வேண்டும் என்று நைஜீரிய அரசு 1979இலேயே சட்டம் போட்டது. அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அந்தப் படுகையில் தீ எரிந்துகொண்டுதான் இருந்தது.

எண்ணெய் பணம் நாட்டின் கஜானாவுக்குப் போயிற்று. கிணறு இருந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர்களில் ஒருவர் கென் சாரோ விவா. நாவலும் கவிதையும் எழுதியவர். தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர் எடுத்து நாடு முழுக்க வீட்டுக்கு வீடு தெரிந்தவர். வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து 1990இல் மோசாப் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஓகோனி மக்கள் பிழைத்திருப்பதற்கான இயக்கம் என்பது அந்தப் பெயரின் பொருள். எண்ணெய் வருமானத்தில் பங்கு வேண்டும், எங்கள் ஊரை நாங்கள் ஆள வேண்டும், கெட்டுப்போன மண்ணைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டு அரசுக்கு அனுப்பினார்கள். பதில் இல்லை.

1993 ஜனவரி 4. ஓகோனிகள் மொத்தமே சுமார் ஐந்து லட்சம் பேர். அன்றைக்கு ஊர்வலத்தில் நடந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் என்கிறார்கள். கைக்குழந்தைக்காரிகளையும் நடக்க முடியாத கிழவர்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால், வீட்டில் யார் மிஞ்சியிருப்பார்கள்? கையில் ஆயுதம் கிடையாது. மரக்கிளை ஒடித்து, பச்சை இலையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அந்த மாதமே ஷெல் ஓகோனி நிலத்திலிருந்து வெளியேறியது.

உலகத்தில் எண்ணெய் நிறுவனத்தை ஊர்க்காரர்கள் கலவரம் இல்லாமல் வெளியேற்றியது அபூர்வம். அதனால்தான் இதை நான் பெரிதாகச் சொல்கிறேன்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை சாதாரணமில்லை. அதே வருடம் ஏப்ரல் கடைசியில், ஷெல்லுக்காகக் குழாய் பதிக்க வந்தவர்கள் பயிரோடு நிலத்தை இயந்திரம் விட்டு வழித்தார்கள். தடுக்கப் போனவர்கள்மேல் ராணுவம் சுட்டதில் ஒரு விவசாயப் பெண் தன் கையை இழந்தார். மறு வருடம் மே மாதம் ஓகோனித் தலைவர்கள் நான்கு பேர் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைப் பழியைச் சாரோ விவாமேலும் அவருடைய தோழர்கள்மேலும் ராணுவ அரசு சுமத்தியது. தனியாக ஒரு தீர்ப்பாயம் வைத்தார்கள், மேல்முறையீடு கிடையாது. 1995 நவம்பர் 10ஆம் தேதி, போர்ட் ஹார்கோர்ட் சிறையில் ஒன்பது பேரையும் தூக்கிலிட்டார்கள். மறுநாளே காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. பிற்பாடு இறந்தவர்களின் குடும்பங்கள் நியூயார்க்கில் வழக்குப் போட்டு, 2009இல் ஷெல் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, நிறுவனம் போய்விட்டது, கிணறுகள் நின்றுவிட்டன. அதோடு எண்ணெய் போயிற்றா என்றால், இல்லை. நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

ஓகோனி மண்ணில் எடுப்பது நின்றது, ஆனால் வேறிடத்தில் எடுத்த எண்ணெயைக் கொண்டுபோகும் ஷெல்லின் பெரிய குழாய் ஓகோனி வழியாகத்தான் போனது. பல வருடம் பழைய குழாய். 2008இல் போடோ என்ற ஊர்ப் பக்கம் அது விட்டுப்போனது. ஆகஸ்ட் 28ஆம் தேதியே கசிய ஆரம்பித்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நவம்பர் 7இல்தான் அடைத்தார்கள். ஒரு மாதம் கழித்து டிசம்பரில் மறுபடி கசிந்தது, அதை அடைக்க அடுத்த வருடம் பிப்ரவரி 21 ஆயிற்று.

எண்ணெய் கலந்த தண்ணீர் ஓடையில் எப்படிப் பரவும் என்று நினைத்துப் பாருங்கள். ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும்போது காட்டுக்குள் போகும். ஓதம் இறங்கும்போது தண்ணீர் வடிந்துவிடும், எண்ணெய் வேரிலும் சேற்றிலும் தங்கிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மாதக்கணக்கில் இதே கதை. சுரபுன்னைக்குத் தாங்கு வேர்தான் மூக்கு. அதில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் அது காற்றை இழுக்கிறது. அந்தத் துளையை எண்ணெய் அடைத்தால் மரம் மூச்சுத் திணறிச் செத்துவிடும். பின்னால் ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தபோது சில இடங்களில் இலையும் கிளையும் போய், வேர் மட்டும் நின்றது. அந்த வேரின்மேல் தார் மாதிரி ஒரு படலம், ஒரு சென்டிமீட்டர் தடிமனும் அதற்கு மேலும்.

எண்ணெய்க் கசிவு என்றாலே பத்திரிகையில் எண்ணெயில் தோய்ந்து கறுத்த பறவையின் படம் போடுவார்கள். பார்த்தால் நமக்கும் மனசு பதறும். இப்படிப்பட்ட காட்டில் முதலில் சாவது படம் எடுக்க ஆள் வராத உயிர்கள்: வளைக்குள் இருந்த நண்டு, வேரில் ஒட்டிய ஆளி, சேற்று நத்தை. அவை போனால் அவற்றைத் தின்னும் மீனும் பறவையும் இடம் மாறிப் போகும். கூடையோடு இறங்கும் பெண் எங்கே போவாள்?

2009 மே மாதம், கசிவு தொடங்கி எட்டு மாதம் கழித்து, போடோவுக்கு நிவாரணம் வந்தது. அரிசி 50 மூட்டை, பயறு 50 மூட்டை, சர்க்கரை 50 பெட்டி, தக்காளி 50 பெட்டி என்று எல்லாமே ஐம்பது ஐம்பதாக. பல்லாயிரம் பேர் இருக்கும் ஊருக்கு. ஊர்க்காரர்கள் அதை அவமானமாக நினைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எவ்வளவு எண்ணெய் போனது என்பதிலும் தகராறு. முதல் கசிவில் மொத்தம் 1,640 பீப்பாய்தான் என்றது ஷெல். காணொளியைப் பார்த்துக் கணக்குப் போட்ட வல்லுநர்கள், ஒரு நாளைக்கே 1,440 முதல் 4,320 பீப்பாய் வரை போயிருக்கும் என்றார்கள். போடோ மக்கள் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நடக்கும்போதே, தான் சொன்ன அளவு குறைவு என்று ஷெல் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டு கொடுப்பதாக முடிவாயிற்று. 15,600 பேருக்குத் தலைக்கு ஏறத்தாழ 2,200 பவுண்டு, மீதி ஊருக்குப் பொதுவாக.

இதற்கிடையில் 2011இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் ஓகோனி நிலத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பதினான்கு மாதம் வேலை, இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள். அதில் ஓர் ஊர்க் கிணறு என் மனசை விட்டுப் போகவே இல்லை. ஓகாலே பகுதியில், தேசிய எண்ணெய்க் கழகத்தின் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடியிருப்பு. அங்கே கிணறுகளுக்கு வரும் நிலத்தடி நீரின்மேல் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது. உங்கள் ஆள்காட்டி விரலின் நீளம் அது. மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில் பென்சீன் இருந்தது, புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட 900 மடங்கு அதிகம். தண்ணீர் நாறுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். வேறு தண்ணீர் இல்லை.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கசிவு நடந்த இடத்தைச் சுத்தம் செய்தாயிற்று என்று ஷெல் கணக்கில் முடித்துவைத்த 15 இடங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். பத்தில் எண்ணெய் அப்படியே வரம்புக்கு மேல் இருந்தது. காரணம் எளிது. அவர்கள் மேல்மண்ணை உழுது புரட்டி, வெயிலும் நுண்ணுயிரும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். அங்கே பெய்வதோ பேய்மழை. எண்ணெய் மழையோடு கீழே இறங்கியிருக்கிறது, பல இடங்களில் ஐந்து மீட்டருக்குக் கீழேயும். கீழே களிமண் படுகை தடுக்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. தொடர்ச்சியான களிமண் அடுக்கே அங்கு கிடையாது. 1970வாக்கில் எண்ணெய் கொட்டிய ஓர் இடம், நாற்பது வருடம் கழித்தும் கடுமையாகக் கெட்டிருந்தது. முழுக்கச் சரிசெய்ய 25 முதல் 30 வருடம் ஆகும் என்று அறிக்கை முடிவு சொன்னது.

ஒன்றை மறைக்கக் கூடாது. குழாயில் ஓட்டை போட்டு எண்ணெய் திருடுவதும், காட்டுக்குள் பீப்பாயில் காய்ச்சி வடிப்பதும் அங்கே நடக்கிறது. அதில் ஈடுபடுகிறவர்கள் உள்ளூர் இளைஞர்களும்தான், அதனாலும் சேறு கெட்டது. கசிவுக்குத் திருட்டுதான் காரணம் என்று நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதை வைத்துத்தான். ஆனால் மீனும் நத்தையும் அற்றுப்போன ஊரில் பையன்களுக்கு வேறு என்ன தொழில் மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

சுத்தப்படுத்தும் வேலையை நைஜீரிய அரசு 2016 ஜூனில் போடோவிலேயே தொடங்கிவைத்தது. அறிக்கை வந்து ஐந்து வருடம் கழித்து. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. சேற்றைக் கழுவி, அலையாத்தி நாற்று நட்டு வருகிறார்கள்.

நீதிமன்றப் படியேறுவதை மக்கள் விடவில்லை. படுகையின் வேறு ஊர்களைச் சேர்ந்த நான்கு விவசாயிகள் 2008இல் நெதர்லாந்தில் போட்ட வழக்கில், 2021 ஜனவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதின்மூன்று வருடம். வழக்குப் போட்ட சிலர் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை, அவர்கள் பிள்ளைகள் தொடர்ந்து நடத்தினார்கள்.

அடுத்து, ஓகாலே மக்களும் பில்லே என்ற தீவூர் மக்களும் ஷெல்மேல் லண்டனில் நடத்தும் வழக்கு. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் முன்கூட்டியே சில கேள்விகளுக்கு விடை சொன்னது. கசிவு நடந்து இத்தனை வருடமாயிற்றே, காலாவதி ஆகிவிட்டதே என்பது நிறுவனத்தின் வாதம். எண்ணெய் ஒருவருடைய நிலத்தில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் வழக்குப் போடும் உரிமை புதிதாகப் பிறக்கிறது என்றார் நீதிபதி. நான் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நத்தை பொறுக்கும் பெண்ணுக்குத் தெரிந்த விஷயம் சட்டத்துக்கும் தெரிய இத்தனை காலம் ஆகியிருக்கிறது. முழு விசாரணை 2027இல்.

அதே 2025 ஜூன் மாதம், 12ஆம் தேதி, தூக்கிலிடப்பட்ட ஒன்பது பேருக்கும் நைஜீரிய ஜனாதிபதி மன்னிப்பு அறிவித்தார். அந்த வருடத் தொடக்கத்திலேயே, ஓகோனி நிலத்தில் மறுபடி எண்ணெய் எடுப்பது பற்றிய பேச்சும் தொடங்கியிருந்தது. மன்னிப்பு என்றால் அவர்கள் குற்றம் செய்தார்கள் என்று ஆகிவிடுகிறது. குற்றமே செய்யாதவர்கள் என்று அறிவியுங்கள் என்று கேட்கிறார்கள் ஓகோனிகளும் மனித உரிமைக்காரர்களும். நானும் அதையே கேட்கிறேன்.

நன்றி. வணக்கம்.