தீர விசாரிக்கும் கண்

அவைத்தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் பெருமக்களே, வாசகர் வட்ட நண்பர்களே, இடம் இல்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். நூலகர் அவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த அரங்கின் மின்விசிறியைத் தன் கைக்காசில் சரிபார்த்து வைத்திருக்கிறார். சால்வையை எனக்குப் போர்த்தினீர்கள், உண்மையில் அது அவருக்குப் போக வேண்டியது. கூட்டம் முடிந்ததும் நானே போய்ப் போர்த்திவிடுகிறேன்.

"விண்வெளி வீரருக்கு வேண்டிய குணங்கள்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று குணங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, கூர்ந்து கவனிப்பது. இரண்டு, கவனித்ததை வைத்துச் சரியாக முடிவெடுப்பது. மூன்று, மாதக்கணக்கில் நாலு பேரோடு ஒரே அறையில் சண்டை போடாமல் இருப்பது. மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம். கல்யாணமானவர்களுக்குப் புரியும்.

2017-ல் நாசா 12 பேரைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பித்தவர்கள் 18,300 பேருக்கும் மேல். பட்டம், உடல்தகுதி, விமானம் ஓட்டிய மணிக்கணக்கு எல்லாம் காகிதத்திலேயே தெரிந்துவிடும். அவற்றில் தேறியவர்களே ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அதற்கு மேல் எதைப் பார்த்து எடுப்பது? 1959-ல் முதல் ஏழு பேரை எடுத்தபோது, சோதனை விமானிகளைத்தான் கூப்பிட்டார்கள். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்குப் பெயர் அறிவித்த நால்வரும், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உள்பட, விமானப்படையின் சோதனை விமானிகளே. தைரியசாலிகள் என்பதால் என்று நினைக்கிறோம். தைரியம் போர் விமானிக்கும்தான் உண்டு. சோதனை விமானியின் வேலை வேறு. புது விமானம் ஒன்று மேலே போய் லேசாக உதறுகிறது என்றால், எந்த வேகத்தில் உதறியது, எந்தப் பக்கம் இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று இறங்கி வந்து பொறியாளரிடம் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது.

என் பாட்டி வாயிலிருந்து தினம் ஒரு தடவையாவது வரும் பழமொழி: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். என்னிடம் படித்தவர்கள் இங்கே சிலர் சிரிக்கிறார்கள். இன்றைக்கும் நாலு தடவையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962 பிப்ரவரி 20. அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றுகிறார். சூரியன் உதிக்கும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மின்மினிப் பூச்சிகள் போல ஆயிரக்கணக்கான ஒளிப்பொட்டுகள் மிதக்கின்றன. பார்த்ததைப் பார்த்தபடி கீழே சொன்னார். யாருக்கும் என்னவென்று புரியவில்லை. மே மாதம் அடுத்துப் போனவர் ஸ்காட் கார்ப்பென்டர். அவர் கலத்தின் சுவரை உள்ளிருந்து கையால் தட்டினார். தட்டத் தட்ட வெளியே பொட்டுகள் உதிர்ந்தன. கலத்தின் மேல் படிந்த உறைபனித் துணுக்குகள்! ஒரு தட்டில் விஷயம் தீர்ந்தது. தீர விசாரிப்பதே மெய்.

கைதட்டாதீர்கள், மீதிக் கதை இருக்கிறது. வேடிக்கை பார்த்ததில் அவர் எரிபொருளை நிறையச் செலவழித்துவிட்டார். இறங்குவதற்கான ஏற்பாடுகள் தாமதமாயின. தானியங்கிக் கருவியும் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சுமார் 400 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தார். பிழைத்தார், ஆனால் மறுபடி அவர் விண்வெளிக்குப் போகவே இல்லை. கவனிக்கத் தெரிந்தவருக்கு, எப்போது கவனிப்பதை நிறுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் என் இரண்டாவது குணம். இதற்கு லூக்கா பர்மிட்டானோ கதையைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

லூக்கா இத்தாலிக்காரர், அவரும் சோதனை விமானிதான். 2013 ஜூலை 9 அன்று விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடந்துவிட்டு உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினால், உள்ளே தண்ணீர். எங்கிருந்து வந்தது? நெஞ்சோடு சேர்த்து ஒரு குடிநீர்ப் பை வைத்திருப்பார்கள், அது ஒழுகியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேலே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், கீழே இருந்த நிபுணர்களும் அப்படித்தான். தண்ணீரைக் கண்ணால் கண்டார்கள். பைதான் காரணம் என்று காதால் கேட்டார்கள். யாரும் தீர விசாரிக்கவில்லை.

ஒரே வாரம். ஜூலை 16 அன்று அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு மறுபடி வெளியே போனார். முக்கால் மணி நேரத்தில் பின்னந்தலையில் ஈரம். "தண்ணீர் இருக்கிறது, ஆனால் பையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை" என்கிறார். சரி, பையில் இருக்கும் தண்ணீரைக் குடித்தே தீர்த்துவிடுவோம் என்று குடித்துவிட்டார். ஈரம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது! அங்கே தண்ணீர் கீழே வழியாது. எடை இல்லாத இடம் அல்லவா, தோலில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வருகிறது. காதில் புகுந்தது, கண்ணை மூடியது, மூக்கையும் அடைத்தது. கையை விட்டுத் துடைக்க முடியுமா? கண்ணாடிக் கவசம்! அந்த நேரம் பார்த்துச் சூரியனும் மறைந்தது. உடன் வந்த கிறிஸ் காசிடியின் கயிறு வேறு வழியாகப் போவதால், லூக்கா தனியாகத்தான் திரும்ப வேண்டும். பார்வை இல்லை, காது சரியாகக் கேட்கவில்லை, வாயால் மட்டும் மூச்சு.

அப்போது அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? இடுப்பில் கட்டிய பாதுகாப்புக் கம்பியை நினைத்தார். அதில் ஒரு சுருள் இருக்கிறது, எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் கதவு. கையால் தடவித் தடவி அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். உள்ளே வந்த பிறகும் காற்றழுத்தம் ஏறும் வரை கவசத்தைக் கழற்ற முடியாது. காசிடி அவர் கையைப் பிடித்து அழுத்தினார், பதிலுக்கு அழுத்துகிறாரா என்று பார்க்க. கவசத்துக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர். உடுப்பைக் குளிர்விக்கும் நீர், பம்பின் சிறு துளைகள் அடைத்துக்கொண்டதால் காற்றுக் குழாய் வழியே வந்திருக்கிறது. பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் நாளே பையை மட்டும் பழி சொல்லாமல் பார்த்திருந்தால் இரண்டாம் நடையே நடந்திருக்காது. விசாரணைக் குழுவும் இதைத்தான் எழுதியது. பாட்டி ஒரு வரியில் சொல்லியிருப்பாள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வருவேன் என்று தலைவருக்கும் தெரியும்.

பிளஸ் ஒன் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை, அதாவது நூலில் குண்டைத் தொங்கவிட்டு அது ஆடும் நேரத்தை அளப்பது. அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 980 செ.மீ./வி² வர வேண்டும். ஒரு பெண்ணுக்கு 1086 வந்தது. அவள் பெஞ்சில் மற்ற மூவருக்கும் 980, 979, 981. எப்படி? போன வருஷத்து அக்காவின் ரெக்கார்டு நோட்டு அவர்கள் மடியில் இருந்தது. இவளும் ரப்பரை எடுத்துவிட்டாள். அவள் கையை நிறுத்தி, ஊசலை மறுபடி ஆட்டச் சொன்னேன். ஸ்டாப் கிளாக்கை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்தாள். அங்கே "சுழி" என்று தொடங்க வேண்டும். இருபது ஆட்டம் என்று நினைத்துப் பத்தொன்பதுக்கு நேரம் எடுத்திருக்கிறாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1086 கச்சிதமாக வரும். அந்த வகுப்பில் இயற்பியல் செய்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் மதிப்பெண் 980-க்குத்தான் போகிறது!

நடப்பதைப் பார்க்காமல், நடக்க வேண்டியதை எழுதுவதற்குப் பதினாறு வயதிலேயே பழக்கிவிடுகிறோம். "பைதான் ஒழுகியது" என்று எழுதும் கை இங்கேதான் தயாராகிறது. அதனால்தான் நான் போகிற மேடையெல்லாம் இதையே கேட்கிறேன். சனிக்கிழமை மதியம் பள்ளி ஆய்வகங்களைத் திறந்து வையுங்கள். மதிப்பெண்ணுக்கு இல்லாமல், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். ரெக்கார்டில் வந்த அளவை வந்தபடி எழுதி, ஏன் தள்ளி வந்தது என்று காரணம் சொல்பவருக்கு மதிப்பெண் கொடுங்கள். தலைமையாசிரியர்கள் மனசு வைத்தால் ஆகாதா? பூட்டுச் சாவி அலுவலக அறையில்தானே இருக்கிறது! உடைந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். கண்ணாடிக் குடுவை உடையத்தான் செய்யும். அதற்கு நகர்மன்றம் சிறு தொகை ஒதுக்க முடியுமா என்று அம்மா அவர்களிடம் மனுக் கொடுத்திருக்கிறேன். இந்த மேடையிலேயே பதில் சொன்னால் சந்தோஷப்படுவேன், கட்டாயம் இல்லை.

மூன்றாவது குணத்தைப் பற்றிப் பேசவில்லை. தலைவர் இரண்டாம் முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கண்ணால் காண்பதும் பொய்தான், ஆனாலும் நான் விசாரிக்கப் போவதில்லை.

மனுவின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். பெற்றோர் கையெழுத்துப் போடுங்கள். மாணவர்கள் போட வேண்டாம், எந்த ஆய்வகம் எத்தனை நாளாகப் பூட்டியிருக்கிறது என்று பக்கத்துத் தாளில் எழுதினால் போதும். பள்ளிப் பெயர் போடுங்கள், உங்கள் பெயர் வேண்டாம். நன்றி, வணக்கம்.