புழுவைத் திருப்பிப் போட்டுக் காலை எண்ணுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இலையில் புழுவைக் கண்டால், "பச்சைப் புழு விழுந்திருக்கு, மருந்து குடுங்க" என்று கடையில் போய்க் கேட்பது நம் வழக்கம். நிறத்தை நம்ப முடியாது. ஒரே இனப் புழு வயலுக்கு வயல் நிறம் மாறும். வயிற்றுப் பக்கத்துக் கால்கள் அப்படி ஏமாற்றுவதில்லை.

புழுவை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. தலையை ஒட்டி, கூராக, கணுக்களோடு மூன்று இணை இருக்கும். அவை உண்மையான கால்கள். எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். அடுத்து, காலே இல்லாத ஒரு வெற்றிடம். அதற்குப் பின்னால் சதையாகக் குட்டைக் குட்டையாக இருப்பவைதான் வயிற்றுக்கால்கள். வால் நுனியில் ஓர் இணை உண்டு. பலர் அதை விட்டுவிட்டுத் தப்பாக எண்ணுகிறார்கள். செத்துச் சுருங்கிய புழுவிலும் பிஞ்சுப் புழுவிலும் கணக்கு தவறும். ஓரளவு வளர்ந்த, உயிருள்ள புழுவாக எடுங்கள்.

ஐந்து இணை இருந்தால் அந்துப்பூச்சி அல்லது வண்ணத்துப்பூச்சியின் புழு. புகையிலை வெட்டுப்புழு, பச்சைக் காய்ப்புழு, கம்பளிப்புழு எல்லாம் இதில் சேர்த்தி. முட்டைக்கோசில் வரும் காவடிப்புழுவுக்கு மூன்று இணைதான். நடுவில் கால் குறைவதால் முதுகை வளைத்து வளைத்து நடக்கிறது. அதுவும் அந்துப்பூச்சிப் புழுதான்.

கடுகிலும் முள்ளங்கியிலும் வரும் கரும்பச்சைப் புழுவிடம்தான் ஏமாறுவோம். அதற்கு எட்டு இணை. முன்கால்களுக்குப் பிறகு ஒரே ஒரு கண்டம், அதாவது ஓர் உடல் வளையம்தான் வெற்றிடம். அந்துப்பூச்சிப் புழுவில் இரண்டு இருக்கும். தொட்டால் சுருண்டு கீழே விழுந்து செத்ததுபோல் கிடக்கும். இது குளவி வகையைச் சேர்ந்த ரம்ப ஈயின் புழு. பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ் குர்ஸ்டாகி பாக்டீரியா மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளித்தாலும் இது சாகாது. அந்த மருந்து அந்துப்பூச்சி இனத்தின் குடலில்தான் வேலை செய்யும். காசு போனதுதான் மிச்சம். காலையிலும் மாலையிலும் இது இலைமேல் ஏறி மேயும் நேரம் பார்த்துப் பொறுக்கி அழியுங்கள்.

அசுவினிக் கூட்டத்துக்குள் கால் இல்லாத சிறு புழு நெளிந்தால் அதைத் தொடாதீர்கள். அசுவினியைத் தின்னும் மிதவை ஈயின் புழுவாக இருக்கக்கூடும்.

வயிற்றுக்காலின் நுனியை லென்ஸில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் வரிசையாகக் கொக்கிகள் தெரியும். தசை சுருங்கினால் கொக்கி விடுபடும், தளர்ந்தால் பிடித்துக்கொள்ளும். புழு பிடிப்பதற்குப் பாடுபட வேண்டியதில்லை, விடுவதற்குத்தான் பாடுபடுகிறது. வைரஸ் நோயில் செத்த காய்ப்புழு தலைகீழாகத் தொங்குவது இந்தக் கொக்கிகளின் பலத்தில்தான்.

பட்டுப்புழுவுக்கும் இதே ஐந்து இணை, இதே கொக்கி. புழு வளர்க்கும் படுக்கையைச் சுத்தம் செய்யும்போது கையால் பிடித்து இழுத்தால் கால் காயப்படும். வலையை விரித்து, மேலே புது இலை போட்டால் புழு தானே ஏறி வந்துவிடும். இன்னொன்று, நான் சொன்ன பாக்டீரியா மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். பக்கத்து வயலில் தெளிப்பதானால், காற்று மல்பெரித் தோட்டத்தை நோக்கி வீசாத நேரமாகப் பாருங்கள்.