கூடிசன் பார்க்கை இடிக்கலை

எல்லாருக்கும் வணக்கம். ஃபுட்பால் பத்தி எதுனா பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் தண்டையார்பேட்டைக்காரன், என் டீம் இங்கிலாந்துல லிவர்பூல் ஊரு எவர்ட்டன், இதைச் சொன்னாலே எங்க ஏரியா பசங்க சிரிப்பானுங்க, ஏன்னா நாங்க கடைசியா பெரிய கப்புன்னு எடுத்தது 1995 எஃப்.ஏ. கப் தான். பரவால்ல, சிரிக்கட்டும்.

இப்ப அந்த டீமு புது ஸ்டேடியத்துக்குப் போயிடுச்சு. அந்தக் கதையைத் தான் சொல்லப் போறேன். ஆன்ஃபீல்டுன்னா அதே ஊர்ல இருக்குற இன்னொரு டீமு லிவர்பூலோட கிரவுண்டுன்னு தெரியும், ஆனா அங்க மொதல்ல ஆடினதே எவர்ட்டன் தான். இடத்துக்காரர் ஜான் ஹோல்டிங் கூட வாடகைத் தகராறு வந்து, வீட்டு ஓனர் வாடகையை ஏத்துனா நாம சட்டி பானையைத் தூக்கினு அடுத்த தெருவுக்குப் போற மாதிரி இவங்களும் பக்கத்துலயே கூடிசன் பார்க்னு ஒண்ணு கட்டிக்கினு போயிட்டாங்க. அவரு பார்த்தாரு, கிரவுண்டு காலியா இருக்கு, டீம் இல்ல, சரின்னு ஆரம்பிச்சது தான் இன்னிக்கு லிவர்பூல் கிளப்பு!

கூடிசன் திறந்தது 1892 ஆகஸ்ட் 24. சுத்தி வீடுங்க, ஒரு மூலைல சர்ச்சு, பெருசு பண்ணலாம்னா இடமே இல்ல. ஆம்பளைங்க டீம் இருந்தப்ப முப்பத்தொன்பதாயிரம் பேர் உட்காரலாம், அதுல பல சீட்டுக்கு முன்னாடி கூரையைத் தாங்குற தூணு நிக்கும், கோல் அடிச்சானா இல்லையான்னு பக்கத்து ஆளு கத்துறதை வெச்சுத் தான் தெரிஞ்சுக்கணும்.

புது ஸ்டேடியம் எங்கன்னு கேட்டா காசிமேடு ஆளுங்களுக்குப் பிடிக்கும். ஹார்பர்ல! மெர்சி ஆத்தோரமா பிராம்லி மூர்னு 1848ல திறந்த டாக்கு, கப்பல் நின்ன தண்ணி, அதுக்குள்ள இருந்த மீனை மொதல்ல புடிச்சு வெளில விட்டுட்டு, கடல்லருந்து டிரெட்ஜர் கப்பல்ல மணலை உறிஞ்சினு வந்து ரொப்பி, அது மேல கட்டியிருக்காங்க. ஐம்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல உட்காரலாம், தூணே கிடையாது. சவுத் ஸ்டாண்டு ஒரே அடுக்கா கிட்டத்தட்ட 35 டிகிரி செங்குத்தா ஏறுது, அதுக்கு மேல செங்குத்தா கட்ட அங்க ரூல்ஸ் விடாது. இதுல ஒரு நஷ்டமும் இருக்கு, 2021ல யுனெஸ்கோ லிவர்பூல் துறைமுகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியல்லருந்து தூக்கிடுச்சு, சொன்ன காரணத்துல இந்த ஸ்டேடியமும் ஒண்ணு. பேரு வேற ஹில் டிக்கின்சன் ஸ்டேடியம், அது ஒரு வக்கீல் கம்பெனி பேரு. எனக்கு வாய்ல வரவே மாட்டேங்குது.

மொத லீக் மேட்ச் 2025 ஆகஸ்ட் 24, அதே தேதி, 133 வருஷம் கழிச்சு. பிரைட்டனை 2-0 ஜெயிச்சாங்க. மே மாசம் கூடிசன்ல ஆம்பளைங்க டீம் ஆடின கடைசி மேட்ச்ல ரெண்டு கோலும் போட்டவரு செனகல்காரர் இலிமான் என்டியாயே, புது இடத்துல மொத கோலும் அவரே தான்.

ஆனா எனக்கு ரொம்பப் புடிச்சது புது ஸ்டேடியம் இல்லீங்க. பழசை என்ன பண்ணாங்கன்றது தான். லண்டன்ல ஆர்சனல் டீமு ஹைபரின்ற பழைய கிரவுண்டை விட்டுப் போனாங்க, அங்க இப்ப ஃபிளாட்டு. வெஸ்ட் ஹாம் டீமோட பழைய கிரவுண்டும் ஃபிளாட்டு. கூடிசனையும் இடிக்கிறதா தான் பிளான் இருந்துச்சு, அந்தப் புல்லுக்குப் பக்கத்துல நூத்துக்கணக்கான ரசிகருங்க அஸ்தியை வேற புதைச்சிருக்காங்க. அப்புறம் அதே மே மாசம் கிளப்பு மனசு மாத்திக்கிச்சு: இடிக்கலை, லேடீஸ் டீமுக்குக் குடுக்குறோம்னு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணுங்க ஆடினது வால்டன் ஹால் பார்க்னு சின்ன கிரவுண்டு, ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் தான் பார்க்கலாம். இப்ப 1966 உலகக் கோப்பை செமி ஃபைனல் நடந்த கிரவுண்டு அவங்களோடது.

நம்ம பக்கம் வியாசர்பாடி பசங்க ஃபுட்பால் ஊருக்கே தெரியும், நம்ம சென்னைக்காரர் நந்தகுமார் இந்தியா டீம் வரைக்கும் போனாரு, 2023 டூராண்ட் கப்ல ஒரு மேட்ச்ல மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலுக்கு ஒத்தக் கோல் போட்டு ஜெயிக்க வெச்சாரு. பொண்ணுங்களும் நல்லா ஆடுறாங்க. ஆனா சாயங்காலம் கிரவுண்டு யாருக்கு? பசங்களுக்கு. பொண்ணுங்கன்னா விடியக்காலைல வா, பசங்க வர்றதுக்குள்ள முடிச்சினு போ, இல்லனா ஓரமா ஆடு. கேட்டா இடம் இல்லன்றாங்க. அதான் அப்பா அம்மாங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பொண்ணு ஆடணும்னா சாயங்கால நேரத்துலயே கூட்டினு வாங்க, நாலு பொண்ணுங்க வந்தா அனுப்பிடுவாங்க, நாப்பது பேர் வந்து நின்னா பாதி கிரவுண்டாவது விட்டுத் தான் ஆகணும்.