பரீட்சை எழுதாத பண்டிதர்கள்

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தம் பெயருக்கு முன்னால் 'பண்டிதர்' என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால் பரீட்சை எழுதவேண்டும். ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் நடத்திய பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என்ற படிகளில் ஒன்றிலேனும் இலக்கணம் காலை வாரிவிட்டவர்கள் எங்கள் குடும்பங்களில் ஏராளம். அதே சொல் இந்தியாவிலிருந்து கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போய், 'பண்டிற்' என்று உருமாறி, இன்றைக்கு இந்தப் பிரித்தானிய நாட்டுத் தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் பற்றிக் கருத்துச் சொல்வதற்காகக் கலையகத்தில் அமர்ந்திருக்கும் முன்னாள் வீரரைக் குறிக்கிறது. அவருக்குப் பரீட்சை எதுவும் கிடையாது. எத்தனை பதக்கம் வென்றார், நாட்டுக்காக எத்தனை தடவை ஆடினார் என்பவையே அவருடைய சான்றிதழ். அந்தச் சான்றிதழ் போதுமா என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஆட்டம் நடக்கும்போதே நடப்பதைச் சொல்லிக்கொண்டு போகும் வர்ணனையாளர் வேறு. அவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஒலிபரப்பாளர். இடைவேளையிலும் ஆட்டம் முடிந்த பின்னரும், நடந்தது ஏன் அப்படி நடந்தது என்று விளக்க வேண்டிய விமர்சகரைப் பற்றியே நான் பேசுகிறேன்.

சிறுவயதில் எங்கள் ஊர் மைதானத்தில், கோட்டோரமாகச் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும் அண்ணர் ஒருவர் இருந்தார். ஒருகாலத்தில் எங்கள் கழகத்தின் பின்கள வீரராக ஆடி, முழங்கால் போனபின் விட்டவர். எதிரணிக்குக் கோர்னர் கிடைத்தால் நாங்கள் எல்லோரும் பந்தை வைக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் மட்டும் எங்கள் கோல் பக்கமாகப் பார்த்து, "எங்கட நாலாம் நம்பர்காரன் வலது காலை ஊன்றுறான் இல்லை, பந்து அவன்ர பக்கம்தான் வரும்" என்பார். அவர் சொன்னது எப்போதும் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன்பிறகு நாங்களும் அந்த நாலாம் நம்பர்காரனின் காலைப் பார்க்கத் தொடங்கினோம். முன்னாள் வீரர் ஒருவரிடம் நான் எதிர்பார்ப்பது அதுதான். அந்த இடத்தில் நின்று, அந்த நோவோடு, அந்த அரை நொடிக்குள் முடிவெடுத்த உடம்புக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, கதிரையில் இருக்கும் என் கண்ணுக்குக் காட்டவேண்டும்.

தொலைக்காட்சியில் பெரும்பாலும் கிடைப்பது வேறு. "அருமையான கோல்." "அதை அவர் அடித்தே இருக்க வேண்டும்." "இன்றைக்கு அவர்களிடம் வேட்கை இல்லை." இவை மூன்றையும் நானும் சொல்வேன்; அதற்காக என்னை யாரும் கார் அனுப்பிக் கூப்பிடுவதில்லை. இவற்றுள் எனக்குப் பெரிய மனக்குறை அந்த வேட்கை மீதுதான். தோற்ற அணிக்கு வேட்கை இல்லை, வென்ற அணிக்கு வேட்கை இருந்தது என்று சொல்பவர், இறுதிப் புள்ளிப் பலகையை வேறு சொற்களில் திருப்பி வாசிக்கிறாரே தவிர, விளக்கம் எதையும் தரவில்லை. ஒரு வீரர் திரும்பி ஓடிவரவில்லை என்றால், அவர் ஓடமறுத்தாரா, முன்னே நிற்கும்படி பயிற்றுவிப்பாளர் சொல்லியிருந்தாரா, அல்லது அவருக்குப் பின்னால் இருந்தவர் மூடவேண்டிய இடத்தை மூடாமல் விட்டாரா என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடியவர் அந்தத் தொழிலைச் செய்தவரே. அவரே அதைச் செய்யாமல் வேட்கை என்று ஒதுங்கிக்கொள்வது, வைத்தியர் ஒருவர் நோயாளியைப் பார்த்து "உங்களுக்குச் சுகமில்லை" என்று சொல்லிக் காசு வாங்குவதைப் போன்றது.

இந்த ஆசனம் எப்போது வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அன்றைய ஆட்டங்களைத் தொகுத்துக் காட்டும் பிபிசியின் 'மட்ச் ஒஃப் த டே' நிகழ்ச்சி 1964 ஓகஸ்ட் 22 அன்று, லிவர்பூலும் ஆர்சனலும் ஆடிய ஆட்டத்துடன் தொடங்கியது. ஆனால் முன்னாள் வீரர்களும் நடப்பு வீரர்களும் வரிசையாக அமர்ந்து வாதிடும் வழக்கத்தைப் பெரிதாக நிலைநாட்டியது, 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தின்போது பிபிசிக்குப் போட்டியான ஐரிவி தொலைக்காட்சி அமைத்த குழு. மல்கம் அலிசன், டெரக் டூகன், பற் கிரெரன்ட், பொப் மக்னாப் ஆகிய நால்வரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சண்டைபிடித்தார்கள். மக்கள் ஆட்டத்துக்குச் சமமாக அந்தச் சண்டையையும் இரசித்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஜிம்மி ஹில். வீரர்களின் வாரச் சம்பளம் 20 பவுணுக்கு மேல் போகக்கூடாது என்ற விதியை 1961 இல் உடைத்த வீரர் சங்கத்தின் தலைவரும் அவரே. ஆக, இந்த ஆசனம் பிறக்கும்போதே அதில் விளக்கத்தைவிடக் கேளிக்கை கூடுதலாகக் கலந்திருந்தது என்பதை மறந்துவிட்டு, இந்தக் காலத்தில்தான் எல்லாம் கெட்டுப்போனது என்று புலம்புவது சரியல்ல.

விளக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்தவர் அலன் ஹன்சன். லிவர்பூலின் மத்திய பின்கள வீரராக 8 லீக் பட்டங்களும் 3 ஐரோப்பியக் கழகக் கிண்ணங்களும் வென்று 1991 இல் ஓய்வுபெற்ற அவர், 1992 முதல் 2014 வரை பிபிசியின் அந்த ஆசனத்தில் இருந்தார். கோல் என்றால் அடித்தவனைக் கொண்டாடுவதே வழக்கமாக இருந்த இடத்தில், படத்தைப் பின்னோக்கி ஓட்டி, கோலுக்கு மூன்று பாஸ்களுக்கு முன்னர் தன் இடத்தை விட்டு நகர்ந்த பின்கள வீரனைச் சுட்டிக்காட்டியவர் அவர். ஒரு கோலை ஒரு தவறின் முடிவாகப் பார்க்க இந்த நாட்டுக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு வசனத்துக்காக. 1995 ஓகஸ்ட் 19 அன்று மன்செஸ்டர் யுனைற்றட், அஸ்ரன் வில்லாவிடம் 3-1 என்று தோற்ற இரவில், சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்றார். அந்தப் பருவத்தில் யுனைற்றட் லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. முப்பது வருடங்களாக அவரை அதை வைத்தே கேலி செய்கிறார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. அந்தப் பருவத்தை வென்ற அணியில் பெக்கமும் ஸ்கோல்ஸும் இருந்தார்கள் என்பது உண்மையானால், ஷ்மைக்கலும் புரூசும் பலிஸ்டரும் கீனும், தடை முடிந்து ஒக்டோபரில் திரும்பிய கன்ரோனாவும் இருந்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் யாரும் பையன்கள் அல்லர். ஹன்சனுடைய எதிர்வுகூறல் பிழைத்தது. ஆனால் எதிர்வுகூறுவது விமர்சகரின் வேலையில் மிகவும் மலிவான பகுதி. உண்மையான சரிவு பின்னர் வந்தது. வேகம், பலம், நுட்பம் என்று மூன்று சொற்களை எல்லா நல்ல வீரர்களுக்கும் ஒரே வரிசையில் அடுக்கும் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. அப்போது அவரைப் பார்க்க எனக்குக் கவலையாக இருந்தது.

ஆயத்தம் செய்யாமல் வருவதற்கு 2010 இல் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. பிரான்சிலிருந்து நியூகாசிலுக்கு வந்த ஹற்றெம் பென் அர்ஃபா, எவர்ட்டன் மைதானத்தில் தூரத்திலிருந்து ஓர் அழகான கோல் அடித்தார். அவரைப் பற்றி யாருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது என்ற பொருள்பட பிபிசி விமர்சகர் அலன் ஷியரர் பேசினார். பென் அர்ஃபா பிரெஞ்சுத் தேசிய அணிக்கு ஆடியவர். லியோனோடும், பின் மார்செய்யோடும் பிரெஞ்சு லீக்கை வென்றவர். அவர் வந்திருந்ததோ ஷியரருடைய சொந்தக் கழகத்துக்கு. பிறீமியர் லீக்கில் 260 கோல்கள் அடித்த ஒருவர் ஒரு கோலைப் பற்றிச் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கும்போது, அடித்தவர் யாரென்று ஒரு பிற்பகல் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஷியரர் அதன்பின் தம் வேலையில் வெகுதூரம் முன்னேறியிருக்கிறார் என்பதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பந்து வருமுன் ஒரு முன்கள வீரர் எடுத்துவைக்கும் முதல் இரண்டு எட்டுகளைப் பற்றி அவர் பேசும்போது இப்போது நான் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

அடுத்த பெரிய மாற்றம் 2011 இல் வந்தது. அஸ்ரன் வில்லாவிடம் தோற்ற அந்தப் பையன்களில் ஒருவரான கரி நெவில், ஓய்வுபெற்ற கையோடு ஸ்கை தொலைக்காட்சியின் திங்கள் இரவு நிகழ்ச்சிக்கு வந்தார். பெரிய தொடுதிரை ஒன்றின் முன் நின்று, படத்தை நிறுத்தி, பின்கள வீரரின் தோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவர் ஏன் இரண்டு அடி உள்ளே நிற்கிறார், அதனால் எந்த வழி திறக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டினார். 2013 இல் லிவர்பூலின் முன்னாள் பின்கள வீரர் ஜேமி கரகரும் சேர்ந்துகொண்டார். இந்த நிகழ்ச்சியின் தரத்துக்கு நெவிலின் அறிவு மட்டும் காரணமல்ல, நேரமும் காரணம். சனிக்கிழமை இரவில் ஐந்து ஆறு ஆட்டங்களைச் சுருக்கிக் காட்டவேண்டிய பிபிசியில் ஓர் ஆட்டத்துக்கு ஓரிரு நிமிடப் பேச்சே மிஞ்சும். அந்த நேரத்துக்குள் எந்தப் பண்டிதரும் வேட்கையைத் தாண்டி வெகுதூரம் போகமுடியாது.

அதே நெவில் 2015 டிசெம்பரில் ஸ்பெயினின் வலன்சியா கழகத்துக்குப் பயிற்றுவிப்பாளராகப் போனார். 28 ஆட்டங்களில் 10 வெற்றிகள். பார்சிலோனாவிடம் 7-0 என்ற தோல்வி. மார்ச் முடிவதற்குள் பதவி போய்விட்டது. திரையில் வட்டம் போடுவது இலகு, செய்து காட்டுவது கடினம் என்று பலர் மகிழ்ந்தார்கள். நான் மகிழவில்லை. நடந்ததை விளங்கிக்கொள்வது ஒரு தொழில், நடக்கவைப்பது வேறொரு தொழில். ஆனால் திரும்பிவந்த பிறகு பயிற்றுவிப்பாளர்களைப் பற்றி அவர் பேசும் தொனியில், முன்பு இல்லாத ஒரு தயக்கம் என் காதுக்குக் கேட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2011 இல் செல்சியின் டேவிட் லூயிசைப் பற்றி, பத்து வயதுப் பையன் ஒருவன் பிளேஸ்ரேசனில் இயக்குகிற வீரரைப்போல ஆடுகிறார் என்று நெவில் சொன்னார். அந்த வருடங்களில் அவர் செய்த அத்தனை நுட்பமான விளக்கங்களிலும் ஊரெல்லாம் திருப்பிச் சொன்னது அந்த ஒரு பகிடியைத்தான். இன்றைக்குக் கைபேசியில் முப்பது வினாடித் துண்டாக ஓடக்கூடிய கோபமே விலைபோகிறது. விமர்சகர் ரோய் கீன் புருவத்தை உயர்த்தினால் அது ஒரு துண்டு. ஒருவர் கணுக்காலை விளக்கினால் அது துண்டாவதில்லை. கீன் ஆட்டத்தை நுணுகிப் பார்க்கத் தெரிந்தவர். அவரிடமிருந்து கோபத்தை மட்டும் கறந்தெடுப்பது அவருக்கும் இழப்பு, எங்களுக்கும் இழப்பு.

பழைய தோழர்களைக் குறைசொல்லத் தயங்குவது இந்தத் தொழிலின் இன்னொரு நோய். ஜேர்மனியில் அந்தத் தயக்கம் இல்லாதவராக இருந்தார் கூன்ரர் நெற்சர். 1972 இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அணியின் மத்தியகள வீரர். 2003 செப்டெம்பரில் ஐஸ்லாந்துடன் ஜேர்மனி கோலின்றிச் சமநிலையில் முடித்தபோது, அவருடைய கண்டிப்பைப் பொறுக்காத பயிற்றுவிப்பாளர் ரூடி ஃபோலர், நேரலையிலேயே கொதித்தெழுந்து, அந்தக் காலத்தில் இவர்கள் ஆடியது நின்ற இடத்து உதைபந்தாட்டம் என்று திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பின்னரும் நெற்சர் 2010 வரை அந்த வேலையில் தொடர்ந்தார், தொனியையும் மாற்றவில்லை.

பதக்கம்தான் தகுதி என்பவர்களுக்கு எம்மா ஹேய்ஸை நினைவூட்ட வேண்டும். கணுக்கால் காயத்தால் பதினேழு வயதிலேயே ஆட்டத்தை நிறுத்தியவர் அவர். செல்சி மகளிர் அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்துகொண்டு, 2021 இல் நடந்த ஆண்கள் ஐரோப்பியக் கிண்ணத்தை ஐரிவியில் விமர்சித்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த மாற்றம் எதற்காகத் தேவைப்படும் என்று அவர் முன்கூட்டியே சொல்வதைக் கேட்டபோது, சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்ற எங்கள் அண்ணரின் ஞாபகம் வந்தது. அண்ணரிடமும் பதக்கம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசியாக, பண்டிதர்களே இல்லாத ஓர் இரவைப் பற்றிச் சொல்லவேண்டும். 2023 மார்ச்சில், அரசின் அகதிகள் கொள்கையைக் கண்டித்து எழுதியதற்காகக் 'மட்ச் ஒஃப் த டே' தொகுப்பாளரும் முன்னாள் வீரருமான கரி லினேக்கரை பிபிசி ஒதுக்கிவைத்தது. அவருக்கு ஆதரவாக விமர்சகர்களான இயன் ரைற்றும் ஷியரரும் விலகிக்கொள்ள, மார்ச் 11 சனிக்கிழமை 'மட்ச் ஒஃப் த டே' தொகுப்பாளர் இல்லாமல், விமர்சகர் இல்லாமல், வர்ணனைகூட இல்லாமல் 20 நிமிடம் மட்டும் ஓடியது. முந்திய வாரத்தைவிட ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாகப் பார்த்தார்கள். பண்டிதர்கள் தேவையில்லை என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டினார்கள் சிலர். என் கணிப்பில் அது விடுப்புப் பார்க்க வந்த கூட்டம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அன்றைக்குக் காட்டிய ஆட்டங்களில் ஒன்றில் லிவர்பூல், போர்ன்மத்திடம் 1-0 என்று தோற்றது; சலா பெனால்டியை வெளியே அடித்தார். ஆறு நாட்களுக்கு முன்னர் மன்செஸ்டர் யுனைற்றட்டை 7-0 என்று துவைத்தெடுத்த அணி அது. இதே போர்ன்மத்தை அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் 9-0 என்று வென்ற அணியும் அதுவே. கூட்டத்தின் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்தபோது, முதல் சில நிமிடங்கள் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அரிப்பு எடுக்கத் தொடங்கியது. ஆறு நாட்களுக்குள் என்ன நடந்தது? மத்தியகளத்தில் யார் யாரை விட்டுவிட்டார்? யாராவது படத்தை நிறுத்தி ஒரு வட்டம் போடமாட்டார்களா என்று வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லினேக்கர் 2025 மே மாதம் விடைபெற்றார். அவருடைய ஆசனத்துக்கு மார்க் சப்மன், கெலி கேற்ஸ், கபி லோகன் என்று மூவர் முறைவைத்து வந்திருக்கிறார்கள். மூவரும் தொழில்முறை ஒலிபரப்பாளர்கள். ஒருவரும் உதைபந்தாட்ட வீரராக இருந்தவர் அல்லர். முன்னாள் வீரர் இன்னொரு முன்னாள் வீரரிடம் கேட்கக் கூச்சப்படும் "அது ஏன்?" என்ற கேள்வியை இவர்கள் கூச்சமில்லாமல் கேட்கலாம். பதில் வேட்கை என்று வந்தால், மறுபடியும் ஒருமுறை கேட்கலாம்.

நன்றி நேயர்களே. வணக்கம்.