பெங்களூர்க் காற்றில் ஒரு ஷட்டில்

நேயர்களுக்கு வணக்கம். சாயங்காலமானால் அல்சூர் பக்கம் அடுக்குமாடி வாசல்களில் பிள்ளைகள் ஷட்டில், அதாவது பேட்மின்டன், ஆடுவதைப் பார்க்கலாம். நெட் இருக்காது, கோடு இருக்காது, காற்று மட்டும் தாராளமாக இருக்கும். அப்படி ஆடிப் பழகியவர்கள் முறையான கோர்ட்டுக்குள் போனால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாரும் ராக்கெட் விலையைத்தான் முதலில் கேட்பார்கள். நான் ஷட்டில் என்கிற அந்த இறகுப் பந்தில் தொடங்குகிறேன்.

ஒரு தக்கை, அதில் செருகிய 16 இறகுகள், எல்லாம் சேர்ந்து ஐந்து கிராமுக்கு முன்பின். விரிந்த இறகுகள் காற்றோடு மல்லுக்கட்டுவதால், சீறிக் கிளம்பும் ஷட்டில் மறுபக்கம் போவதற்குள் சோர்ந்துவிடும். நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டியின் ஸ்மாஷ், அதாவது மேலிருந்து கீழாக ஓங்கி அடிக்கும் அடி, மணிக்கு 565 கிலோமீட்டர் என்று 2023-இல் கின்னஸில் ஏறியது. அது ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் வேகம். எதிராளியிடம் வரும்போது அதில் கொஞ்சம்தான் மிஞ்சும்; இல்லாவிட்டால் யாரால் திருப்பி எடுக்க முடியும்?

நம்ம ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் ஒழுங்காக உள்ளே விழுந்த ஷட்டில் இங்கே பின்கோட்டைத் தாண்டிப் போகலாம். டப்பாவில் 76, 77 என்று எண் இருக்கும். எண் குறைந்தால் வேகமும் குறைவு. இங்கே ஆட குறைந்த எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். சந்தேகம் என்றால் விதிப்புத்தகத்திலேயே சோதனை உண்டு: பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடித்தால், எதிர்ப்புறப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும்.

விதிகள் பெரிய விஷயமில்லை. 21 புள்ளி, மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். 20-20 ஆனால் இரண்டு புள்ளி முந்த வேண்டும். 29-29 வரை இழுத்தால் அடுத்த புள்ளியோடு சரி. சர்வீஸ் குறுக்காகப் போக வேண்டும், அடிக்கும்போது ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஆட ஆட வந்துவிடும்.

இளவட்டங்களுக்கு ஸ்மாஷ் மேல்தான் மோகம். அவர்களிடம் நான் பிரகாஷ் படுகோனைப் பற்றிச் சொல்வேன். நம்ம ஊர் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடி வளர்ந்த பேட்மின்டன் வீரர். விசேஷம் இருக்கும் நாளில் ஆட்டம் கிடையாது. 1980-இல் ஆல் இங்கிலாந்து என்ற பெரிய பேட்மின்டன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றவர் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங், எகிறி ஸ்மாஷ் அடிப்பதில் பேர்போனவர், முந்தைய இரண்டு ஆண்டும் சாம்பியன். பிரகாஷ் பலத்துக்குப் பலம் காட்டவில்லை. வேகத்தை மாற்றி மாற்றி, தொட்டுத் தொட்டு வைத்தே 15-3, 15-10 என்று முடித்தார். சோர்ந்துபோகும் ஷட்டிலை எங்கே சோர வைப்பது என்று தெரிந்த ஆட்டம் அது.

ஆகவே புதிதாக வருபவர்கள் முதலில் டாஸும் டிராப்பும் பழகுங்கள்: பின்கோடு வரை தூக்கி அடிப்பது, நெட்டை ஒட்டி இறக்குவது. ராக்கெட் சுமாரானது போதும். மிச்சப் பணத்தில் தரையில் கறை படியாத நல்ல நான்-மார்க்கிங் ஷூ வாங்குங்கள். ஓடுவதற்கென்று வைத்திருக்கும் ஷூ வேண்டாம். அதன் உயரமான அடிப்பாகம் பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைப் பிரட்டிவிடும். அப்புறம் ஒன்று, கோர்ட்டை அலுவலகம் விட்டு வரும் நேரத்துக்குக் கேட்டால் லேசில் கிடைக்காது. மதிய வேளைக்குக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் வாடகையும் குறைவு.