அம்மாவின் நம்பரும் ஆறு ஒன்பதுகளும்

நேயர்களே, வணக்கம். பக்கத்தில் பேனையும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் நிற்கிறீர்களா, பரவாயில்லை, காது இருந்தால் போதும்.

இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச வந்தேன். 999999. ஆறு ஒன்பதுகள். பத்து இலட்சத்துக்கு ஒன்று குறைவு. பத்து இலட்சம் எனக்குச் சப்பென்று இருக்கும்; பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஐந்தும் தவிர உள்ளே யாரும் இல்லை. ஒன்றைக் குறைத்துப் பாருங்கள், ஒரு கூட்டமே குடியிருக்கிறது.

எனக்கு இது எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன். இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். பின்னேரம் கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசை நிற்கும். கணக்கப்பிள்ளை "முன்னூற்று நாற்பத்தேழு" என்பார், அம்மா கூடையை இறக்குவார். அது அம்மாவின் செக்ரோல் நம்பர், தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில் அவருக்குரிய எண். பெயர் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனாலேயே அந்த நம்பர் மீது எனக்கு ஒரு கோபம்.

ஒருநாள் கணக்குச் சார், "டேய், உனக்குப் பிடிக்காத ஒரு நம்பர் சொல்லு" என்றார். 347 என்றேன். "பக்கத்திலேயே இன்னொரு தரம் எழுது." 347347. "ஏழால் பிரி." 49621, மீதி இல்லை. "பதினொன்றால்." 4511. அப்போதும் மீதி இல்லை. "இப்போ பதின்மூன்றால்." பிரித்தேன். 347! அம்மா நம்பர் திரும்பி வந்து நிற்கிறது.

அன்று பின்னேரம் பீலிக்கரைக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவர்களை எல்லாம் மறித்து நம்பர் கேட்டேன். "இவனுக்கு என்னடி வந்துச்சு" என்று ஏசினார்கள். ஒரு நம்பர்கூடத் தப்பவில்லை.

மாயம் எதுவும் இல்லை. 347347 என்றால் முந்நூற்று நாற்பத்தேழு ஆயிரமும் ஒரு முந்நூற்று நாற்பத்தேழும். அதாவது 347-இன் ஆயிரத்தொரு மடங்கு. அந்த 1001தான் ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றின் பெருக்கம். திரும்பவும் சொல்கிறேன், 7, 11, 13.

சரி, நம் ஆறு ஒன்பதுகள்? 999-ஐ இரண்டு தரம் எழுதியதுதானே! ஆகவே அந்த மூன்று பேரும் அதற்குள்ளும் இருக்கிறார்கள். 999 தன் பங்குக்கு 27-ஐயும் 37-ஐயும் கூட்டி வருகிறது.

இன்னொன்று. 9, 99, 999 என்று ஒன்பதை அடுக்கிக்கொண்டே போங்கள். ஏழால் மீதியின்றிப் பிரிவது ஆறாவது ஒன்பது வந்த பிறகுதான். கிடைப்பது 142857. அதை இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571. அதே ஆறு பேர், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. ஆறு மடங்கு வரை இப்படியே. ஏழாம் மடங்கில் எல்லாரும் ஒன்பதாகிவிடுகிறார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 2024இல் கண்டுபிடித்த பகா எண்ணைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். இரண்டை 13,62,79,841 தரம் பெருக்கி ஒன்றைக் கழித்தது, நான்கு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதற்கு இன்று நேரமில்லை. போவதற்குள் ஒன்று: 76923-ஐப் பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள். வணக்கம்.