துலா மிதித்தவர் எங்கே நின்றார்? ஜியோஜிப்ராவில் திருப்பம்

[திரை: தோட்டக் கிணறு, ஆடுகால், சாய்ந்த துலா. கோட்டுச் சித்திரம்.]

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு மோட்டர் வருவதற்கு முன்னம் தண்ணீர் இறைத்தது துலாவால். ஆடுகால் என்ற தாங்குகம்பத்தில் நீள மரம் (அதுதான் துலா), நுனியில் கொடியும் (கயிறு) பட்டையும் (தண்ணீர் அள்ளும் கலம்), மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்கும் ஒருவர். அவர் எங்கே மிதித்தால் பட்டை எழும்பும்? கரும்பலகையில் ஒரேயொரு சாய்வைத்தான் கீறலாம். இலவசக் கேத்திரகணித மென்பொருளான ஜியோஜிப்ராவில் எல்லாச் சாய்வையும் காட்டலாம். நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை.

[திரை: தரவுகள் ஒவ்வொன்றாக.]

சீரான துலா: நீளம் 8 மீற்றர், நிறை 600 நியூற்றன். ஆடுகாலிலிருந்து கிணற்றுப் பக்கம் 5 மீற்றர், மறுபக்கம் 3. பட்டையில் 20 லீற்றர் தண்ணீர், ஏறத்தாழ 200 நியூற்றன். மிதிப்பவர் 640 நியூற்றன். கொடி, பட்டை ஆகியவற்றின் நிறையை இப்போதைக்கு விடுவோம்.

கணினியைத் தொட முன்னம் பிள்ளைகள் தாளில் துலாவை மட்டும் தனியாகக் கீறி விசைகளைக் குறிக்கட்டும். நான்கு விசைகள்தான்: மிதிப்பவரால் வரும் 640, துலாவின் நிறை, கொடியின் இழுவை, ஆடுகாலின் மறுதாக்கம். பலர் இழுவையையும் போட்டு, தண்ணீரின் நிறையையும் போடுவார்கள். ஒரே சுமை இரண்டு தடவை எண்ணப்படுகிறது. இந்தப் பிழையை மென்பொருள் பிடிக்காது. அதற்குக் கேத்திரகணிதம் தெரியும், பொறியியல் தெரியாது. நீங்கள் கீறச்சொன்ன அம்பைத்தான் அது கீறும்.

[திரை: ஸ்லைடர் அமைத்தல்.]

ஆடுகாலை உற்பத்தியில், அதாவது (0, 0) புள்ளியில், வையுங்கள். சாய்வுக்கு ஒரு ஸ்லைடர் (இழுத்துப் பெறுமானத்தை மாற்றும் கோல்): −25 பாகை முதல் 25 பாகை வரை. பாகைக் குறியை மறந்தால் 25 ஆரையன் (ரேடியன்) ஆகிவிடும். அது நான்கு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. மேலே எழும்பவேண்டிய நுனி 7.6 பாகை கீழே சாய்ந்து நிற்கும். பார்க்க ஒழுங்காகவே தெரிவதால் பிழை கண்ணில் படாது.

நுனிப்புள்ளியை முனைவாள்கூறில் (தூரமும் கோணமுமாக) கொடுங்கள்: 5, அரைப்புள்ளி, சாய்வு. அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டால் அது தெக்காட்டின் (x, y) ஆள்கூறாகி, துலா நீண்டு சுருங்கும். மிதிப்பவரின் தூரத்துக்கு 0 முதல் 3 வரை இன்னொரு ஸ்லைடர். விசைக் காவிகளுக்கு (விசையைக் காட்டும் அம்புகளுக்கு) 200 நியூற்றன் ஓர் அலகு. தொடக்கப்புள்ளியையும் முடிவுப்புள்ளியையும் கொடுத்தே காவியைக் கீறுங்கள். கூறுகளை மட்டும் கொடுத்தால் எல்லா அம்பும் உற்பத்தியிலிருந்து கிளம்பும்.

[திரை: துலா கிடையாக. திருப்பப் பெறுமானங்கள் மறைப்பில்.]

ஆடுகால் பற்றித் திருப்பம் (விசை × ஆடுகாலிலிருந்து செங்குத்துத் தூரம்) எடுத்தால் மறுதாக்கம் கணக்கில் வராது. தண்ணீரால் 200 × 5 = 1000. ஈர்ப்பு மையம் கிணற்றுப் பக்கம் 1 மீற்றரில் இருப்பதால் துலாவால் 600. மொத்தம் 1600 நியூற்றன் மீற்றர். 640 ஆல் வகுக்க 2.5 மீற்றர். துலாவின் நிறையை விட்டவர்களுக்கு 1.56 வரும். அங்கே நின்றால் பட்டை எழும்பாது. வெறும் பட்டைக்கு 600 ஐ 640 ஆல் வகுக்க, 0.94. ஆக, அவர் நடந்தது அந்த ஒன்றரை மீற்றர் சொச்சத்துக்குள்தான்.

இனிச் சாய்வை 25 பாகைக்கு மாற்றுவோம். மிதிக்கும் இடம் மாறுமா? முதலில் வகுப்பில் கை உயர்த்தச் சொல்லுங்கள், பிறகு ஸ்லைடரை இழுங்கள்.

[திரை: இரு பக்கமும் 1600 இலிருந்து 1450 க்கு இறங்குகிறது.]

மாறாது. விசைகள் எல்லாம் நிலைக்குத்து. எல்லாத் தூரத்தையும் அதே கோசைன் பெருக்குவதால் அது வெட்டுப்பட்டுப் போகிறது. மரம் ஆடுகாலின் அச்சுக்கு மேலே கிடந்தால் ஈர்ப்பு மையம் அச்சினூடான கோட்டில் இராது; அப்போது இந்த முடிவு பிசகும். கொடி சரிந்தாலும் அப்படியே.

பட்டை தண்ணீருக்குள் இருக்கும்போது 200 ஐப் போடாதீர்கள். மேலுதைப்பால் இழுவை அங்கே கிட்டத்தட்டப் பூச்சியம். நீர்மட்டத்தைத் தாண்டும்போதுதான் சுமை ஏறும். அதற்கென்று இழுவைக்கும் 0 முதல் 200 வரை ஒரு ஸ்லைடர் வையுங்கள்.